முப்பத்தைந்தாயிரம் அடியிலிருந்து ஏழாயிரம்பண்ணைக்கு ஒரு செய்தி

காலை 5.00. முந்தின நாள் சாயங்காலம் அடித்த மழையில் ஏழாயிரம்பண்ணைத் தெருக்கள் சகதியாகக் கிடந்தன. பட்டாசுக் கம்பெனி போர்மேன்களுக்கு டெல்லியில் இரண்டு நாள் பயிற்சி என்று கடிதம் வந்திருந்தது. முதலாளி என்னைப் போகச் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருடமாகப் போர்மேன் வேலை பார்க்கிறேன். விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. மதுரை விமான நிலையம் எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வாடகைக் கார் 2,200 ரூபாய், சுங்கக் கட்டணம் தனி. என் மனைவி செல்வி எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். பிளேனில் பட்டினி போட்டுவிடுவார்கள் என்று திட்டி, பையில் திணித்துவிட்டாள்.

சாத்தூரில் நாற்கரச் சாலை ஏறியதும் டிரைவர் போனில் பேசிக்கொண்டே ஓட்ட ஆரம்பித்தார்.

"போன உள்ள வைலே" என்று என்னை அறியாமல் அதட்டிவிட்டேன்.

"அண்ணே, இது ரோடு. உங்க கம்பெனி இல்ல" என்று சிரித்தார். ஆனாலும் வைத்துவிட்டார்.

என் வாய் அப்படிப் பழகியது. எங்கள் கம்பெனி கேட்டுக்குள் போன் நுழையக் கூடாது. காலை எட்டு மணிக்கு ஒவ்வொருவரும் போனை அணைத்து, வாட்ச்மேன் அறையிலுள்ள மரப்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வெடிமருந்து இருக்கும் பக்கம் போக வேண்டும். வாட்ச்மேனும் உள்ளே சுற்றி வரப் போனால் தன் பட்டன் போனை அறையிலேயே வைத்துவிட்டுத்தான் போவார். வேட்டி மடிப்பில் போனை ஒளித்துக் கொண்டுவந்த ஒருவனை ஊரே கேட்க வைதிருக்கிறேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

6.40. மதுரை விமான நிலையம். காபி 160 ரூபாய் என்று போட்டிருந்ததைப் படித்ததோடு சரி. பாதுகாப்புச் சோதனையில் ஓர் இளைஞர் சின்னக் காகிதப் பட்டையால் என் பையைத் துடைத்து ஒரு கருவிக்குள் செருகினார். அது கத்தியது. இன்னொரு முறை துடைத்தார். மறுபடியும் கத்தியது.

"எந்த ஊர்?"

"ஏழாயிரம்பண்ணை. பட்டாசுக் கம்பெனி."

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஆனால் விடவில்லை. தினமும் கம்பெனிக்குத் தூக்கிப் போகிற பையையே எடுத்து வந்திருந்தேன். மருந்துத் தூசி அதன் தையலெல்லாம் ஏறியிருக்கும். முதலாளி கொடுத்த கடிதம், அடையாள அட்டை, எலுமிச்சம்பழச் சோறு எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து அனுப்ப நாற்பது நிமிடம் ஆயிற்று. அவர்கள் செய்தது சரி. புத்தி கெட்டவன் நான். ஏறுவதற்கு முன் கம்பெனிக்கு ஒரு போன் போட வேண்டும் என்று ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. எதற்காக என்பது ஞாபகத்துக்கு வரவில்லை, வரிசையும் நகர்ந்துவிட்டது.

7.55. விமானம் கிளம்பியது. பணிப்பெண் சொல்வதற்கு முன்பே என் போனை முழுதாக அணைத்திருந்தேன். பக்கத்து இருக்கையில் விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரி ஒருவர், அறுபது வயதிருக்கும். நான் அணைத்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்புட்டு பயம் வேண்டாம் தம்பி. பிளைட் மோடுல போட்டாப் போதும். மேல போனதும் வைஃபை வரும். பேச விடமாட்டாக, எழுதலாம். நான் டிக்கெட்டோட சேத்தே காசு கட்டிட்டேன். ஆகாசத்துல இருந்து வத்தல் லோடு பேசி முடிப்பேன், பாருங்க."

பதினைந்து நிமிடம் கழித்து அவர் போனில் செய்திகள் மளமளவென்று வந்து விழுந்தன.

8.20. மேலேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது.

"ஏசி தண்ணி. ஒண்ணும் செய்யாது" என்றார் அண்ணாச்சி.

நெருடியது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. நேற்றைய மழையில் ஸ்டோர் கூரை ஒழுகி, அலுமினியப் பவுடர் கட்டு ஒன்றின் மேல் சொட்டியிருந்தது. அதைத் தள்ளி வைத்தேன். ஈரம் பட்ட கட்டில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட வேண்டும், யாரும் தொடமாட்டார்கள். சாக்பீஸ் எடுக்கத் திரும்பியபோது, இன்றைய வாடகையைப் பேசக் கார்க்காரர் வந்திருப்பதாக வாட்ச்மேன் கூப்பிட்டார். போனேன், அத்தோடு மறந்தேன். ஈரமான பவுடரை மற்ற மருந்தோடு கலந்தால் தானாகவே சூடேறி வெடிக்கும். தீக்குச்சி தேவையில்லை. மழைக்கு மறுநாள் வெயில் ஏறி ஒன்பதரைக்குத்தான் மருந்து கலக்குவார்கள். கலப்பவன் மாரியப்பன். சுற்றியுள்ள அறைகளில் முப்பது பெண்கள்.

போனைப் போட்டேன். வைஃபை 499 ரூபாய் என்றது. வங்கி அட்டை எண்ணை அடித்தேன். போனுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாகச் சொன்னது. ஓ.டி.பி. குறுஞ்செய்தியாக வரும், பிளைட் மோடில் குறுஞ்செய்தி வராது. வலை வேண்டுமென்றால் ஓ.டி.பி. வேண்டும், ஓ.டி.பி. வேண்டுமென்றால் தரை வேண்டும். இதை வடிவமைத்தவனை ஒரு நாள் எங்கள் கம்பெனியில் வேலைக்கு வைக்க வேண்டும்.

அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு லோடுக்கு விலை எழுதிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் நிறுத்தி, போனை என் கையில் கொடுத்தார்.

வாட்ச்மேனின் பட்டன் போனுக்கு இந்தச் செய்தி போகாது, முதலாளி பத்து மணிக்கு முன்னால் போனைப் பார்க்கமாட்டார், மிச்சம் செல்வி மட்டும்தான். எழுதினேன்: "செல்வி, நான்தான். பக்கத்து சீட்டு அண்ணாச்சி போன். உடனே வாட்ச்மேனுக்குப் பேசு. மருந்து கலக்க வேண்டாம்னு சொல்லு."

பதில் வந்தது: "யாரு நீங்க? எங்க வீட்டுக்காரரு பிளேன்ல இருக்காரு. போலீசுல சொல்லிருவேன்."

தெரியாத எண்ணிலிருந்து எவன் அவசரம் என்று எழுதினாலும் நம்பாதே என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னவனும் நான்தான்.

"எலுமிச்சஞ்சோறு வேண்டாம்னு சொன்னேன். பிளேன்ல பட்டினி போடுவாகன்னு என்னைய வஞ்ச. ஸ்டோர்ல ஈரக் கட்டு இருக்கு. குறி போட மறந்துட்டேன். மாரியப்பன் செத்துப் போவான்."

பிறகு, "இந்தா பேசுதேன்."

8.44. "வாட்ச்மேன் எடுக்கல. மூணு தடவ அடிச்சுட்டேன்."

வாட்ச்மேன் உள்ளே சுற்றப் போயிருக்கிறார். போன் அறையில் கிடந்து அடிக்கிறது. தொழிலாளர்கள் அத்தனை பேருடைய போன்களும் பெட்டிக்குள் அணைந்து கிடக்கின்றன. வீட்டிலிருந்து கம்பெனி மூன்று கிலோமீட்டர். நீயே போ என்று நான் எழுதி முடிப்பதற்குள் அவளிடமிருந்து வந்துவிட்டது: "வண்டிய எடுத்துட்டேன்."

அதற்குப் பிறகு நான் அனுப்பியவை எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன.

"டவர் இல்லையோ?" என்றார் அண்ணாச்சி.

"போன அணைச்சிருப்பா அண்ணாச்சி. கேட்டுகிட்ட போயிட்டா."

ஆகாயத்திலிருந்து வீடு வரைக்கும் போக முடிந்த எழுத்து, அந்தக் கேட்டைத் தாண்ட முடியவில்லை. அந்தச் சட்டத்தை ஒரு நொடி சபித்தேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் போனோடு உள்ளே ஓடியிருந்தால் அது இன்னும் மோசம்.

சும்மா உட்கார முடியவில்லை. பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பெண் முழுதாகக் கேட்டாள். விமானியிடம் சொல்லித் தரைக்குத் தகவல் அனுப்பச் சொல்வதாகவும், அது போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது என்றும் சொன்னாள். கம்பெனி பெயர், ஊர், காவல் நிலையம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

9.30 ஆயிற்று. 9.40 ஆயிற்று. சன்னலுக்கு வெளியே வெறும் மேகம். எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. மாரியப்பனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். செல்வியையும் நானே அங்கே அனுப்பியிருக்கிறேன். இத்தனை பயத்தை நான் எந்தத் தீ விபத்திலும் பட்டதில்லை.

9.47. அண்ணாச்சி போன் அதிர்ந்தது.

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. கேட்டு பூட்டிக் கெடந்துச்சு. கத்துனேன், யாருக்கும் கேக்கல. கேட்டுக்கு வெளிய தொங்குற ஆபத்து மணிய அடிச்சுட்டேன். எல்லாரும் போட்டது போட்டபடி வெளிய ஓடியாந்துட்டாக. கட்ட தனியா ஒதுக்கி வச்சாச்சு."

வாய்விட்டு அழுதேன். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓடிவந்த பணிப்பெண்ணிடம், ஆபத்து நீங்கிவிட்டது, தரைக்குத் தகவல் இனி வேண்டாம் என்றேன். அண்ணாச்சி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவருடைய லோடு இதற்குள் வேறு ஆளுக்குப் போயிருந்தது.

"வத்தல் நாளைக்கும் வரும் தம்பி. குடிங்க" என்றார்.

11.10. டெல்லி. விமானம் நின்றதும் என் போனில் சிக்னல் வந்தது. இறங்குகிற வரிசையில் நின்றபடியே வாட்ச்மேன் எண்ணை அடித்தேன். வேலையை நிறுத்தி எல்லோரும் கேட்டுக்கு வெளியே இருந்தார்கள். மாரியப்பன் பேசினான்.

"அண்ணே, நல்லபடியா போய்ச் சேந்தீகளா? மணி அடிக்கையில அந்தக் கட்ட மடியில வச்சுக் கயித்த அவுத்துக்கிட்டு இருந்தேன். வெயிலு சீக்கிரம் ஏறிருச்சுன்னு ஒன்பதுக்கே ஆரம்பிச்சுட்டேன்."

"அம்புட்டு கட்டு இருக்கையில அத ஏம்லே எடுத்த?"

"மத்ததெல்லாம் சும்மா கெடந்துச்சு. இத மட்டும் தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தீக. நல்ல சரக்கு, அண்ணன் நமக்குன்னு எடுத்து வச்சிருக்காகன்னு நெனச்சேன்."

மூடியது நான்தான். மேலும் ஈரம் படாமலிருக்கட்டும் என்று மூடினேன்.

"அண்ணே, முதலாளிக்கு இன்னும் தெரியாது. நாங்க ஒண்ணும் சொல்லல. அதான் ஒண்ணும் ஆகலல்ல, விடுங்க. உங்க வேலைக்கு எதுவும் வந்துறக் கூடாது."

"நான் பேசிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தேன். வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர்களுக்கு வழி விட்டு, ஓரமாக நின்று முதலாளியின் எண்ணை அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"என்னப்பா, டெல்லி எப்படி இருக்கு?"

"டெல்லி இருக்கட்டும் முதலாளி. இன்னைக்குக் காலையில என்னால மாரியப்பன் செத்திருப்பான்" என்று ஆரம்பித்தேன்.