புஸ்கான் மேட்டில் கிடந்த நாய்

புஸ்கான் கெர்கெய்க்கு ஊரில் மூன்று விஷயத்தில் பெயர் உண்டு. ஆட்டுக்கறி சமைப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அவர் நிலத்தின் நடுவே வீட்டுக் கூரை உயரத்துக்கு ஒரு மண்மேடு இருக்கிறது. மூன்றாவது, தான் கலப்பில்லாத குன் என்று யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் கிழக்கேயிருந்து குதிரையும் கூடாரமுமாக ஓடி வந்து, ஹங்கேரி ராஜாவிடம் அடைக்கலம் கேட்ட ஜனம்தான் குன். பாஷை செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பாஷையில் ஒரே ஒரு ஜெபம் மிச்சம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். பாதிக்கு மேல் அர்த்தம் ஒருவருக்கும் தெரியாது. கெர்கெய் அந்த மேட்டைத் தாண்டும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றிவிட்டு அதை முணுமுணுப்பார். உள்ளே கிடப்பவர் குதிரையோடு புதைத்த குன் தலைவர், நம் வம்சம் என்று அவர் அப்பா சொல்லிவிட்டுப் போனார். கெர்கெய்க்கு அது போதும்.

போதாது என்றவன் ஷாமுவெல். கெர்கெயின் தங்கையைக் கட்டியவன். முப்பது வருஷமாக இருவரும் ஒரே சாராயக் கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து அதே சண்டையைப் போட்டார்கள்.

"துருக்கிக்காரன் நாட்ட ஆண்டு முடிச்சுப் போனப்ப இந்த ஊர்ல காக்காகூட இல்ல மச்சான். உங்க பூட்டனுக்குப் பூட்டன் வடக்கு மலையிலேருந்து ஒரு மூட்டையோட வந்தவன். நீ என்ன குன்னு?"

"எங்க ஆளு மூட்டையோடயாவது வந்தான். உன் ஆளு அந்த மூட்டையைத் திருட வந்தவன்."

கெர்கெய் பிறந்தது ஆட்டுப்பட்டியில். நாலு வகுப்போடு சரி. கம்யூனிஸ்ட் ஆட்சியில் நிலத்தைக் கூட்டுப்பண்ணை எடுத்துக்கொண்டபோது மேடும் அதோடு போனது. அவர் பண்ணை ஆட்டை மேய்த்தார். ஒரு வருஷம், மேட்டை இடித்து மட்டமாக்கி நெல் போட வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு. புல்டோசர் வந்தது. கெர்கெய் எதிரே போய் நின்றார். அவர் நாய் சிம்போக்கும் நின்றது. சடைசடையாய் வெள்ளை முடி தொங்கும் கொமொந்தோர் ஜாதி, கன்றுக்குட்டி அளவு. புல்டோசர் ஓட்டுனவன் கெர்கெயைப் பார்த்து நிறுத்தினான், நாயைப் பார்க்கவில்லை. இடது பின்னங்கால் முறிந்தது. அதற்குள் கூட்டம் சேர்ந்து சத்தம் போட்டதில் மேடு தப்பியது. கெர்கெயை மட்டும் இரண்டு வருஷம் பன்றிக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டார்கள். ஆட்டுக்காரனுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. அந்த நாள்களைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

பண்ணை கலைந்து நிலம் திரும்பி வந்த பிறகும் மேட்டில் ஏர் வைக்கவில்லை. அது பிடித்திருந்த இடம் நல்ல கறுப்பு மண்.

கடைசியில் ஒரு மே மாதம் மாவட்ட அருங்காட்சியகத்திலிருந்து எமோகே என்ற தொல்லியல் டாக்டர் அம்மாள் வந்தார். வளைக்கரடி பொந்து தோண்டித் தோண்டி மேட்டின் ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது. முழுக்கச் சரிவதற்குள் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடலாமா என்று கேட்டார். கெர்கெய் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஷாமுவெல் குறுக்கே விழுந்தான்.

"தோண்டிப் பாத்துருவோமே. உள்ள குன் இருந்தா இனிமே நான் வாயத் தொறக்கல. இல்லன்னா உன் கொப்பரை எனக்கு. ஜூன் விருந்துக்கு நான்தான் சமைப்பேன்."

கொப்பரை கெர்கெயின் அப்பா வைத்திருந்த வார்ப்பிரும்புக் கொப்பரை. ஜூன் மாதம் தேவாலயத் திடலில் ஊர் விருந்துக்கு அதில்தான் கறி வேகும். இருபது வருஷமாக அதன் காதைப் பிடித்தவர் கெர்கெய் ஒருவர்தான். மற்ற நாளில் அவர் வெறும் ஆட்டுக்காரர். அந்த ஒரு நாள் நகரத் தலைவரே தட்டேந்திக்கொண்டு அவர் முன்னால் நிற்பார்.

"சரி," என்று கெர்கெய் கையை நீட்டினார். எமோகே தலையில் அடித்துக்கொண்டார்.

தோண்ட ஆரம்பித்து ஒரு வாரத்தில், மேல் மண்ணிலேயே ஒரு எலும்புக்கூடு வந்தது. மனிதன் இல்லை, நாய். பெரிய நாய். மேற்கே பார்த்து, கால்களை மடக்கி, அழகாகப் படுக்க வைத்திருந்தது.

மத்தியானத்துக்குள் பாதி ஊர் அங்கே நின்றது. குன்கள் சத்தியம் செய்யும்போது நாயை இரண்டாக வெட்டி, 'சொல் தவறினால் எங்களுக்கும் இதே கதி' என்பார்கள் என்று எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்தார்கள். நாய் என்றதும் வேறென்ன வேண்டும்? போதகர் தொப்பியைக் கழற்றினார். யாரோ அந்த ஜெபத்தை ஆரம்பித்தார்கள், கூட்டம் சேர்ந்துகொண்டது. எமோகே மட்டும் குழிக்குள் மண்டியிட்டு மண்ணை விரலில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மண்ணு ரொம்ப இளக்கமா இருக்கு. சோதனைக்கு அனுப்பணும். அதுவரைக்கும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அதை யார் கேட்டார்கள்? ஷாமுவெல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். முகம் சிவந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கெர்கெய் முன்னால் தொப்பியை எடுத்தான்.

"தோத்துட்டேன் மச்சான். முப்பது வருஷம் பேசுனது எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கிறேன். கை குடு."

கெர்கெய் கை கொடுக்கவில்லை. அவர் கண் நாயின் இடது பின்னங்காலில் இருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. அந்தக் காலுக்கு வில்லோக் குச்சி வைத்துக் கட்டியது அவர்தான். கிழவனாகிச் சிம்போக் செத்தபோது, செத்த மிருகத்தைப் பண்ணைக் குழியில் போட வேண்டும் என்பது சட்டம். அவர் அதைத் தோளில் போட்டு இங்கே கொண்டுவந்து புதைத்தார். மேட்டின் எந்தப் பக்கம் என்பதை இத்தனை வருஷத்தில் மறந்திருந்தார்.

"ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறேன்," என்றார்.

கிணற்றடியில் ஏற்றக்கோலை இழுத்து இழுத்துத் தொட்டியை நிரப்பினார். தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் இரைத்தார். சோதனை முடிவு வர இலையுதிர் காலம் ஆகும். ஜூன் விருந்து தாண்டிவிடும். ஷாமுவெல் ஒருமுறை ஊரறியத் தோற்றுவிட்டால் பிறகு வாயைத் திறக்கமாட்டான், அவ்வளவு ரோஷக்காரன். இவர் சும்மா இருந்தால் போதும்.

திரும்பி வந்தபோது எமோகேயோடு வந்திருந்த இரண்டு மாணவர்கள் நாய்க்குப் பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். மூடியில் எண் எழுதியாயிற்று.

"டாக்டரம்மா," என்றார் கெர்கெய். "அது என் நாயி. பேரு சிம்போக்கு. நான்தான் பொதச்சேன்."

மாணவர்கள் பெட்டியை அப்படியே கீழே வைத்தார்கள். பிறகு யாரோ களுக்கென்று சிரிக்க, கூட்டம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. போதகர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். ஷாமுவெல் மட்டும் சிரிக்கவில்லை.

"முட்டாப்பயலே," என்றான். "நான்தான் தோத்துட்டேன்னு சொல்லிட்டேன்ல?"

அடுத்த வாரம் அடியில் மனித எலும்பு வந்தது. மல்லாந்து, முழங்கால் மடங்கி, மேலே சிவப்பு மண் தூவி. குதிரை இல்லை, வாள் இல்லை, இடுப்புப் பட்டை இல்லை.

"குன் வர்றதுக்கு நாலாயிரம் வருஷம் முந்தின ஆளு," என்றார் எமோகே. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"எங்கேருந்து வந்தாரு?"

"அவரும் கிழக்கேருந்துதான்."

"அப்ப குன்னு எங்கேருந்து?"

"அதுல இன்னும் சண்டை தீரல அண்ணே. சீனா எல்லைன்னு ஒருத்தர், சைபீரிய ஆத்தங்கரைன்னு ஒருத்தர். பல கூட்டம் வழியில சேந்து ஒரு பேரை வச்சுக்கிச்சுன்னு நான் எழுதியிருக்கேன். அதுக்கு என்னைத் திட்டி ரெண்டு பேர் எழுதியிருக்காங்க."

"வழியில சேந்தவன்," என்றார் கெர்கெய். "அப்ப மூட்டையோட வந்தவனும் சேத்தியா?"

"யாரு வேணாம்னா?"

அன்று சாயங்காலமே கொப்பரையைக் கழுவித் துடைத்து வண்டியில் ஏற்றி ஷாமுவெல் வீட்டில் இறக்கினார். தங்கை வாசலில் நின்று இருவரையும் திட்டினாள்.

ஜூன் விருந்தில் ஷாமுவெல் சமைத்தான். ஆட்டுத் தலையையும் காலையும் வாட்டியதில் பாதி கரிந்துவிட்டது. அதைவிட மோசம், கரண்டியை உள்ளே விட்டுக் கிளறப் போனான். குன் நாட்டில் கறியைக் கிளறுகிறவனை மனிதனாக மதிக்கமாட்டார்கள். கொப்பரையைக் காதைப் பிடித்துத் திருப்ப வேண்டும். கெர்கெய் இரண்டு கையையும் கக்கத்தில் சொருகிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியவில்லை.

"காதைப் பிடிறா, காதை! பாதிச் சுத்து போதும். கறி கரைஞ்சிடப் போவுது."

"சமைக்கிறது நானு."

"கொப்பரை எங்கப்பனோடது."

"இப்ப என்னோடது." ஷாமுவெல் கரண்டியைத் தூர வைத்துவிட்டுக் காதைப் பிடித்தான். பிறகு நெருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "சொல்லாம இருந்திருக்கலாமே மச்சான். யாருக்குத் தெரியப் போவுது?"

"சிம்போக்குக்கு எண்ணு போட்டு, கண்ணாடிப் பெட்டியில வச்சு, குன் தலைவரோட நாயின்னு எழுதுவாங்க. ஒரு நாளுகூட ஒரு இடத்துல கட்டிப் போட்டு வச்சதில்ல நான் அத."

கெர்கெய் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். உப்பு மட்டும் சரியாக இருக்கிறது என்றார்.

மேட்டை மூடின நாளன்று சிம்போக்கைச் சாக்கில் சுற்றி மறுபடி அதே இடத்தில் வைத்தார்கள். சாக்கின் ஒரு முனையைக் கெர்கெய் பிடித்தார், மறுமுனையை ஷாமுவெல். எமோகே மண்வெட்டியோடு காத்து நின்றார். கெர்கெய் தொப்பியைக் கழற்றி அந்த ஜெபத்தைச் சொன்னார். கீழே கிடக்கிற ஆளுக்கும் அது புரிந்திருக்காது.

அந்த வருஷமும் மேட்டைச் சுற்றித்தான் உழுதார்.