மிஸ்ஸியிடம் மட்டும் சொன்ன உண்மை

எங்கள் தமிழ் ஆட்கள் டாக்டரிடம் பொய் சொல்வார்கள், நர்ஸிடம் உண்மை சொல்வார்கள். இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் இதய நோயாளிகளுக்கென்று மேற்படிப்பு முடித்த நர்ஸ். மலேசியாவில், ஜாசின் ஊர்ப் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதும் கால் வீக்கத்தை அழுத்திப் பார்ப்பதும் முதலில் நான்தான். பிறகு டாக்டர் பார்ப்பார். மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று இருவரும் பேசித்தான் முடிவெடுப்போம். டாக்டர் இளம் மலாய்க்காரர். எதிர்த்துப் பேசினாலும் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் வருகிற ஆட்களுக்கு நான் எவ்வளவு படித்தாலும் 'மிஸ்ஸி'தான், வெறும் நர்ஸம்மாதான். நான் நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "டாக்டர் எப்பம்மா வருவாரு?" என்பார்கள். வாயை மூடுங்கள் என்று சொல்லத் தோன்றும். மூச்சை இழுங்கள் என்று சொல்வேன்.

அன்றைக்குப் பக்கத்து ஊர் பெம்பானிலிருந்து ஓர் அண்ணன் தன் மனைவியோடு வந்திருந்தார். அறுபதைத் தொட்டவர். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த குடும்பம். இப்போது செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா, பகல் முழுக்கக் கேட்டைக் காக்கும் வேலை. இதயம் பலவீனம். உடம்பில் நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்க ஏற்கெனவே நீர் மாத்திரை கொடுத்திருந்தோம். அப்படியும் கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடந்தது.

"மாத்திரை சாப்பிடுறீங்களாண்ணே?"

"தெனமும் சாப்பிடுறேன் மிஸ்ஸி."

டாக்டர் மலாயில் கேட்டதற்கும் அதே பதில், கூடவே ஒரு கும்பிடு. சாப்பிட்டும் இந்த வீக்கமா என்று யோசித்து, இனி ஒன்றுக்கு இரண்டாகக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

மருந்து வாங்கும் இடம் வரை அவர்களோடு நடந்தேன். கையில் மாத்திரை வந்த பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தார். உள்ளே மிஸ்ஸி, வெளியே தங்கச்சி.

"தங்கச்சி, ஒன்னையே சாப்பிட முடியல, இதுல ரெண்டா? சாப்பிட்டா சும்மா சும்மா ஒன்னுக்குப் போகணும். கேட்டுல நான் ஒருத்தன்தான், டாய்லட்டு அந்தக் கோடியில. எடத்த விட்டு நகர்ந்தா சூப்பர்வைசர் சம்பளத்துல கை வைக்கிறான். லீவு நாள்ல மட்டுந்தான் சாப்பிடுறேன். டாக்டர்கிட்ட சொல்லிடாதம்மா, நம்ப ஆளுன்னுதான் சொல்றேன்."

ஒரு மனுஷன் ஒன்றுக்குப் போனதற்குச் சம்பளம் பிடிக்கிறானே, அவனெல்லாம் ஒரு ஆளா? அது ஒரு பக்கம் இருக்கட்டும். இவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்? டாக்டர் ஓர் உடம்புக்கும் நான் வேறோர் உடம்புக்குமா வைத்தியம் பார்க்கிறோம்? வாயிலேயே போடாத மாத்திரையை நம்பி அளவைக் கூட்டியிருக்கிறோம். இப்படியே விட்டால் நுரையீரலில் நீர் ஏறி மூச்சு நின்றுவிடும். திடீரென்று பயந்து இரண்டையும் விழுங்கிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினால், தலை சுற்றி ரோட்டில் விழுவார்.

கையைப் பிடித்து டாக்டர் அறைக்கே திரும்ப இழுத்துப்போனேன். "ஐயையோ, என்னம்மா பண்ற?" என்று அவர் மனைவி, அந்த அக்கா, பின்னாலேயே ஓடி வந்தார்.

டாக்டரிடம் அப்படியே கொட்டினேன். கோபத்தில் எனக்கு மலாய் தடுமாறியது. டாக்டருக்கும் சுருக்கென்றது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "டாக்டர் எவ்ளோ பிஸி. ஒன்னுக்குப் போற கதையெல்லாம் போயி அவருகிட்ட எப்படிம்மா சொல்றது?"

மரியாதையாம்! மரியாதைக்காக உயிரை விடவும் தயார் இவர்கள்.

நான் இன்னும் திட்டிக்கொண்டே இருந்திருப்பேன். டாக்டர்தான் குறுக்கே புகுந்து, வேலை எப்போது முடிகிறது என்று கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. சாயங்காலம் என்றார் அண்ணன். அப்படியானால் காலையில் வேண்டாம், வீட்டுக்குள் நுழைந்ததும் போடட்டும், படுப்பதற்குள் நீர் போய்விடும் என்றார் டாக்டர். கூட்டியதையும் பழையபடி ஒன்றாகக் குறைத்தார். அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள், எடையும் ரத்தமும் நான் பார்க்கிறேன் என்றேன். மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று, அவர் மலாயிலும் நான் தமிழிலுமாக மாறி மாறிச் சொன்னோம்.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டார். "நம்ப புள்ளன்னு நம்பிச் சொன்னாரு. இப்படிக் காட்டிக் குடுத்துட்டியே! டாக்டர் முன்னால மானம் போச்சு லா."

எனக்கு ஏறியதே ஒரு சூடு! "ஆமாக்கா, காட்டிக் குடுத்தேன். நாளைக்கும் குடுப்பேன். நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா உங்க மானம் நல்லாத்தான் இருந்திருக்கும். அடுத்த மாசம் நீங்க மட்டும் தனியா வந்து நின்னிருப்பீங்க, மிச்ச மாத்திரையத் திருப்பிக் குடுக்க."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அக்கா கணவர் கையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் வந்தவொடனே... சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயாம்மா?"