எங்கள் தெருவுக்கு இரண்டாவது இன்டர்நெட் வந்தாச்சு!

இன்று என் மனைவி கவிதாவுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. குழந்தைக்காக வேலையை விட்டபின் வந்த முதல் அழைப்பு.

கோவில்பதாகையில் எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கொடுப்பவர் கேபிள்காரர் சேகர் ஒருவர்தான். வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியதில் அவருடைய வயர் அறுந்துவிட்டது. போன வாரம் போய்க் கேட்டேன்.

"பள்ளத்த மூடட்டும் சார், அப்பால பாக்கலாம். வேற எங்க போயிடப் போறீங்க?" என்றார்.

போய்விட்டோம்!

மொபைல் கம்பெனியின் 5ஜி வீட்டு இணைப்புக்குப் பதிவு செய்தோம். இன்று காலை, இன்டர்வியூவுக்குச் சற்று முன்னால், இரண்டு பேர் வந்து மொட்டைமாடிச் சுவரில், மொபைல் டவர் இருக்கும் பக்கம் திருப்பி, ஒரு வெள்ளை டப்பாவை மாட்டினார்கள். தெருவிலிருந்து வயரே வேண்டாமாம்.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வெளியே நின்றேன். கவிதாவின் பேச்சு ஓர் இடத்தில்கூடத் தடைபடவில்லை.

கதவைத் திறந்தவள், "அடுத்த ரவுண்டுக்குக் கூப்டுட்டாங்க!" என்று கத்தியதில் குழந்தையே மிரண்டுவிட்டது.

மதியம் காலிங்பெல் அடித்தது. வாசலில் சேகர்.

"இன்னா சார், மாடில டப்பா ஏறிகீது? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நாளிக்கே ஃபைபர் போட்டுத் தரேன், டபுள் ஸ்பீடு!"

"பள்ளம் இன்னும் மூடலையே?"

"அத்த வுடுங்க சார். மேல கம்பம் கீதுல்ல, அது வழியா இஸ்துகினு வந்துர்றேன்."

அந்தக் கம்பம் இத்தனை நாளாக எங்கள் வாசலில்தான் நிற்கிறது மக்களே. போட்டிக்கு ஆள் வந்ததும்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

உங்கள் தெருவில் எப்படி?