காப்புக் கட்டிய பலடீன்

காபியில் பால் ஊற்றட்டுமா என்று கேட்கிற அதே குரலில்தான் பிர்கிட் அதையும் கேட்டார்: “உன் வீரன் யாரோடாவது படுப்பானா, மாட்டானா?” சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. கிழக்கு ஜெர்மனியில், பெயரைச் சொன்னால் ஜெர்மானியருக்கே தெரியாத ஒரு சிறு நகரத்தின் நூலகப் பின்னறை. மேசையைச் சுற்றி ஐந்து பேர். நகரப் பேருந்து ஓட்டும் பிர்கிட், பேக்கரியில் வேலை பார்க்கும் பச்சைத் தலைமுடி யோனாஸ், பள்ளி ஆசிரியர்களான ஒரு கணவன் மனைவி, அப்புறம் நான். வரி கட்டுகிற, முட்டி வலிக்கிற வயதுக்காரர்கள் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டி, இல்லாத நாட்டில் இல்லாத பூதத்தோடு சண்டை போட்டார்கள். ரோலன்ஷ்பீல் என்கிறார்கள். ஆளுக்கொரு வேடம், கதை சொல்வது பிர்கிட். மனிதரோடு உட்கார்ந்து பேசினால் மொழி வரும் என்று என் காகிதங்களைப் பார்த்துக்கொண்ட சமூகப் பணியாளர் இங்கே அனுப்பிவைத்தார். மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டை கிடந்தது. கதை போகிற போக்கு யாருக்காவது பொறுக்கவில்லையென்றால் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் கதை வேறு பக்கம் திரும்பிவிடும். நாற்பத்தேழு வருடமாக அப்படி ஓர் அட்டை இருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

நான் எடுத்த வேடம் பலடீன். கடவுளுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வாளெடுத்தவன். சத்தியம் நிற்கிற வரை சக்தி நிற்கும், மீறினால் போய்விடும். விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். பொய் சொல்லாதே, எளியவனைக் கைவிடாதே, அஞ்சாதே. படுக்கையைப் பற்றி ஒரு வரி இல்லை. “இல்லாததை ஏன் கேட்கிறீர்கள்?” என்றேன். பிர்கிட் சிரித்தார். “புத்தகத்தில் இல்லை, ஆடுகிறவர்கள் தலையில் இருக்கிறது. எனக்கு இருபது வயதில் பலடீன் என்றாலே தொடாதவன் என்றுதான் ஆடினோம். யாரும் எழுதி வைக்கவில்லை. வாளும் சாமியும் சேர்ந்த இடத்தில் உடம்பு இருக்கக் கூடாது என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பலடீன்கள் பூதத்தைக்கூட விட்டுவைப்பதில்லை.” யோனாஸ் எழுந்து நின்று குனிந்து வணங்கினான்.

என் வீரனுக்குக் கருப்பு என்று பெயர் வைத்திருந்தேன். வேறு எந்தப் புனித வீரனை எனக்குத் தெரியும்? திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் ஒவ்வோர் ஊர் எல்லையிலும் அரிவாளோடு நிற்கிறவன் அவன். ஆனால் எங்கள் சாமிகள் தொடாதவர்கள் அல்ல. ஐயனார் இரண்டு பக்கமும் இரண்டு மனைவியரை உட்கார வைத்துக்கொண்டுதான் ஊரைக் காக்கிறார். விலகியிரு என்று சொல்வது சாமிக்கில்லை, கும்பிடுகிறவனுக்குத்தான். இதையெல்லாம் சொல்ல என் ஜெர்மன் போதாது. “கருப்பு காப்புக் கட்டியிருக்கிறான். அவிழ்க்கிற வரை தொடமாட்டான்” என்று மட்டும் சொன்னேன். யார் அவிழ்ப்பது என்று பிர்கிட் கேட்டார். கட்டிய பூசாரி என்றேன். அவர் எங்கே இருக்கிறார் என்றார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட வரைபடத்தை எல்லோரும் குனிந்து பார்த்தோம். அந்த ஊர் அதில் இல்லை.

மற்றவர்கள் தங்கள் வீரர்களுக்குப் பதிலாகச் சுண்டுவிரல் உயரப் பொம்மைகளை அந்த வரைபடத்தில் நிறுத்தினார்கள். என்னிடம் பொம்மை இல்லை. சட்டைப் பையிலிருந்த மாத்திரை டப்பாவைத் திறந்து, காய்ந்து கறுத்த மஞ்சள் கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்து வைத்தேன். அது ஒரு கட்டத்தில் அடங்கவில்லை. “எந்தக் கட்டத்தில் நிற்கிறான்?” என்று பிர்கிட் கேட்டார். ஒவ்வொரு வாரமும் கேட்டார்.

அந்தத் துண்டு என் மணிக்கட்டில் ஏறியது பதினோரு வருடத்துக்கு முன்னால், ஊர் அம்மனின் பங்குனிப் பொங்கலில். கல்யாணமாகி நாலு வருடம். எனக்கும் தனத்துக்கும் பிள்ளை இல்லை. தீச்சட்டி எடுப்பதாக இரண்டு பேரும் நேர்ந்துகொண்டு காப்புக் கட்டினோம். மஞ்சள் நூலில் கிழங்குத் துண்டைக் கோத்துப் பூசாரி கட்டுவார். எட்டு நாளைக்குக் கவிச்சி கிடையாது, பாய் கிடையாது, ஊர் எல்லை தாண்டித் தங்கக் கூடாது, புருசன் பெண்டாட்டி தனித்தனி. பிள்ளை கேட்டு எடுத்த விரதம், பிள்ளைக்கான வழியைத்தான் முதலில் அடைத்தது. அப்போது அது உறைக்கவில்லை. தனம் அடுப்படியிலும் நான் வாசலிலும் வெறுந்தரையில் கிடந்தோம். “ஆத்தாவுக்கு நம்ம மேல என்ன சந்தேகமோ” என்று உள்ளிருந்து சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எட்டு நாள்தானே.

நாலாம் நாள் மதுரை ஏஜெண்டு போன் பண்ணினார். விசா வந்துவிட்டது, நாளை மறுநாள் விமானம், விட்டால் அவ்வளவுதான். மழை பொய்த்து, மிளகாய் கருகி, பம்புசெட்டில் காற்று வந்துகொண்டிருந்த வருடம். பூசாரியிடம் ஓடினேன், அவிழ்த்துவிடுங்கள் என்று. அவர் என் கையைத் தொடக்கூட இல்லை.

“நடுவுல அவுக்கப்படாதுப்பா. ஆத்தா பேரச் சொல்லிக் கட்டுனது. போறதுன்னா கட்டோட போ. வந்து அவுத்துக்கலாம்.”

“எப்ப வருவேன்னு தெரியாதே சாமி?”

“ஒனக்குத் தெரியாட்டி என்ன, அவளுக்குத் தெரியும்.”

தனம் பஸ்ஸு வரைக்கும் வந்தாள். பெட்டியை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக நின்று தூக்கினோம். ஒரே கைப்பிடியில் அவள் விரலுக்கும் என் விரலுக்கும் நடுவில் ஓர் அங்குலம். தொட்டிருந்தால் எந்தச் சாமியும் கண்ணைக் குத்தியிருக்காது. தொடவில்லை. பஸ்ஸு எல்லைக் கருப்பைத் தாண்டும்போது சட்டைக் கையை இழுத்துக் காப்பை மறைத்துக்கொண்டேன், அவன் பார்க்கக் கூடாதென்று.

இங்கே வந்ததும் ஏஜெண்டு சொல்லிக்கொடுத்தபடி தஞ்சம் கேட்டேன். மறுத்தார்கள். ஆனால் அனுப்பவும் இல்லை. டுல்டுங் என்று ஒரு தாள் தந்தார்கள், குறுக்கே சிவப்புக் கோடு போட்டது. பொறுத்துக்கொள்ளப்படுகிறவன் என்று பொருள். முதல் மாதங்களில் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. நாட்டைத் தாண்டினால் அந்தத் தாள் செத்துவிடும், திரும்பி வர முடியாது. ஓட்டல் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு நான் நினைத்துக்கொண்டேன்: இது எனக்குத் தெரிந்த விதிதான். எல்லை தாண்டாதே, தரையில் படு, தனியாக இரு. கட்டுகிற கை மட்டும்தான் வேறு. இரண்டாம் வருடம் நூல் மக்கி அறுந்து, அழுக்குத் துணியோடு அகதி முகாமின் துவைக்கும் எந்திரத்துக்குள் போய்விட்டது. வடிகட்டியைக் கழற்றிக் கிழங்குத் துண்டைத் தேடி எடுத்தேன். கூட இருந்தவர்கள் மோதிரம் தொலைத்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அறுந்தது அவிழ்ந்ததாகாது. நான் யாரையும் தொடவில்லை. வாய்ப்பில்லாமல் இல்லை. வருடங்கள் போகப் போக அது எனக்கு ஒரு மெடல் மாதிரி ஆகிவிட்டது, உள்சட்டையில் குத்திக்கொண்ட மெடல்.

சென்ற வருடம் சிவப்புக் கோடு இல்லாத, தங்கும் உரிமை தரும் அட்டை கைக்கு வந்தது. இனி ஊருக்குப் போய்வரலாம், மனைவியை அழைத்துக்கொள்ளலாம். அழைக்க ஒரு நிபந்தனை: அவள் அடிப்படை ஜெர்மன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். தனம் அருப்புக்கோட்டையில் தையல் யூனிட் ஒன்றில் லைன் சூப்பர்வைசர். ஞாயிறுதோறும் மதுரைக்கு பஸ்ஸேறி வகுப்புக்குப் போனாள். போனில் “இஷ் ஹைஸே தனலட்சுமி” என்று தன் பெயரைச் சொல்லிக் காட்டுவாள். மேசை ஆண், விளக்கு பெண், பெண்பிள்ளை மட்டும் எப்படிங்க ரெண்டும் இல்லாம போச்சு, என்ன பாஷை இது என்பாள். நான் இரண்டு தலையணை வாங்கினேன்.

அந்த மாதங்களில்தான் யோனாஸ் எடுத்திருந்த வேடமான பாணன் கருப்பைத் துரத்த ஆரம்பித்தான். விடுதியில் தங்கும் காட்சிகளில் யாழை மீட்டிக்கொண்டு கருப்பின் அறைக்கதவில் வந்து சாய்வான். விதிப்படி நான் பகடையை உருட்டவேண்டும். பதினைந்துக்கு மேல் விழுந்தால் கருப்பு தப்பித்தான், கீழே விழுந்தால் சபலம். மேசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். காமத்தை மறுக்க ஒரு பகடை! பதினோரு வருடம் வெறுங்கையால் மறுத்தவன் நான். பதினேழு விழுந்தது. “ஐயோ, இந்தப் பயலுக்கு இரும்புக் கோவணம்” என்று யோனாஸ் மேசையில் தலையை முட்டிக்கொண்டான். இடைவேளையில் பிர்கிட் காபிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றார். “தவறாக நினைக்காதே. உனக்கு ஆண்களைப் பிடிக்குமா? அல்லது யார்மேலும் ஆசையே வராதவனா? எதுவானாலும் இங்கே சரிதான், அதற்கெல்லாம் பெயர் இருக்கிறது.” அத்தனை கனிவு அந்த முகத்தில். எனக்கு ஆசை இருக்கிறது, கட்டு இருக்கிறது, அவிழ்க்க ஆள்தான் வர வேண்டும், அவள் வந்துகொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். என் ஜெர்மனில் அது எப்படி விழுந்ததோ, பிர்கிட் என் தோளைத் தட்டி, “உன் தேவதை வரட்டும்” என்றார். கதையில் வரும் தேவதை என்று நினைத்துவிட்டார்.

தனத்துக்கு மதுரையில் தேர்வு ஒரு சனிக்கிழமை. ஞாயிறு காலையில் அழைத்தேன்.

“பரிட்ச எப்படி?”

“போகலங்க.”

“ஏன்? பஸ்ஸு கிடைக்கலையா?”

“ஏறுனேன். காரியாபட்டியில எறங்கிட்டேன். ஒரு டீயக் குடிச்சேன். எதுத்தாப்புல வந்த பஸ்ஸுல திரும்பிட்டேன்.”

“பயந்துட்டியா?”

“எதுக்குப் பயம்? எல்லாம் மனப்பாடம். எனக்கு நாப்பது முடிஞ்சிருச்சுங்க. பிள்ளைக்குன்னு காப்புக் கட்டுனோம். இனி அங்க வந்து, தெரியாத குளிருல, தெரியாத ஆளோட உக்காந்து நான் என்ன செய்ய?”

தெரியாத ஆள். அப்போதுதான் அந்த மெடலை வெளியே எடுத்தேன். “தனம், இத்தன வருசம் நான் ஒருத்திய ஏறெடுத்துப் பாத்ததில்ல. இன்னைக்கும் அந்தக் காப்போடதான் இருக்கேன். அது தெரியுமா ஒனக்கு?”

அவள் சிரித்தாள். வாசலில் கிடந்து நான் கேட்ட அதே சிரிப்பு, ஆனால் உள்ளே ஈரம் இல்லை. “எனக்கு எட்டாம் நாளே அவுத்துட்டாக. நீங்க போனப்பெறகு தனியாத்தான் சட்டி எடுத்தேன். அவுத்த கையோடதான் பதினோரு வருசம் இருந்தேன். எம் மேல ஆத்தா கட்டு இல்ல, கெடு இல்ல. கேக்க ஆளும் இல்ல. ஆனாலும் இருந்தேன். நீங்க இருந்ததுக்கு விரதம்ங்கிறீக. நான் இருந்ததுக்கு என்னங்க பேரு?”

போனில் பெருக்கல் குறி அட்டை இல்லை.

“வரணும்னா வந்து பாத்துட்டுப் போங்க. வராதீகன்னு சொல்லமாட்டேன். நான் வரல,” என்றாள். சூப்பர்வைசர் குரல் அது. பின்னணியில் விசில் அடித்துக் குக்கர் அடங்கியது. வச்சிரட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை போகக் கூடாதென்று நினைத்துப் போனேன். கதையில் நாங்கள் ஒரு கிராமத்தை நெருங்கியிருந்தோம். பிர்கிட் பென்சிலால் எல்லைக் கோடு கிழித்து, அதற்கு அப்பால் சின்னச் சின்ன வீடுகள் வரைந்தார். பூசாரி அங்கே இருக்கலாம், கருப்பின் காப்பு இன்று அவிழலாம் என்று கண்ணைச் சிமிட்டினார். எனக்காகவே செய்துகொண்டு வந்திருக்கிறார். நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் வேறொன்று கேட்டேன். “அந்த ஊரில் ஒரு பெண் இருக்கிறாள். சத்தியம் செய்யவில்லை, வாள் எடுக்கவில்லை, ஆனால் பலடீனைவிட அதிகமாகக் காத்தாள். அவளுக்கு உங்கள் புத்தகத்தில் என்ன பெயர்?” ஆசிரியத் தம்பதியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யோனாஸ் யோசிக்கவே இல்லை, நல்ல பையன், உதவுகிற அவசரம். “என்.எஸ்.ட்சே.” என்றான். ஆடுகிறவர் இல்லாத பாத்திரம். ஊரில் இருப்பார்கள், கதவைத் திறப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். அவர்களுக்குப் பகடை கிடையாது. அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைக் கதைசொல்லி சொல்லிவிடுவார்.

கை நீட்டி அட்டையைத் தொட்டேன். யாரும் காரணம் கேட்கவில்லை. பூசாரி பேச்சும் கிராமத்துப் பேச்சும் அப்படியே நின்றன. பிர்கிட் கதையை ஆற்றங்கரைக்குத் திருப்பினார். மற்றவர்கள் பொம்மைகளை எடுத்து ஆற்றோரம் வைத்தார்கள். நான் மஞ்சள் துண்டை நகர்த்தவில்லை. எல்லைக் கோட்டின் மேலேயே கிடந்தது, பாதி இங்கே, பாதி அங்கே, நடுவில் பென்சில் கோடு.

“எந்தக் கட்டத்தில் நிற்கிறான்?” பழக்கத்தில் கேட்டுவிட்டு பிர்கிட் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

யோனாஸ் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் புரிய வேண்டுமென்று மெதுவாகச் சொன்னான். “இரண்டிலும் நிற்கலாம், தடையில்லை. ஆனால் அடி விழுந்தால் இரண்டு பக்கமிருந்தும் விழும்.”

தெரியும் என்றேன். பகடையை என்னிடம் உருட்டிவிட்டான். நான் எடுக்கவில்லை.