மணலில் வைத்த சம்பங்கிக் கிழங்கு

கடலோர மணலில் பன்னிரண்டு அடி தோண்டி உப்பில்லாத தண்ணீர் எடுத்தவன் நான். உப்புக் காற்றுக்கு மறைப்பாக நூறு சவுக்குக் கன்று வைத்துக் காப்பாற்றியவன் நான். கருங்குழிப் பக்கம் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு மதிலும் கார் கொட்டகையும் கட்டிக் கொடுத்தேன். வரைபடம் படிக்கத் தெரியாதவனிடம் வேலையைக் கொடுத்தால் விளங்குமா என்றார்கள். மதில் இன்னும் நிற்கிறது. என்னால்தான் நிற்க முடியவில்லை. அத்தனையிலும் என்னை அதிகம் களைக்க வைத்தது ஒரு பூப்பாத்தி.

எழுபதுகளின் நடுவில் அது. லாட்ஜ் முதலாளி செங்கல்பட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய். வாசலுக்கு எதிரே கிடந்த மணலில் சிமென்ட் போட நினைத்தார். மதில் முடிந்தும் அங்கேயே வேலைக்கு நின்றுவிட்ட நான் சம்பங்கி வைக்கலாம் என்றேன்.

"சித்திரை லீவுக்கு ஆளுங்க வரசொல்ல பூவு இருக்கணும். இல்லாங்காட்டி சிமிட்டிதான். அப்பால உனக்கு இங்க வேலை இல்ல நைனா" என்றார்.

"பூக்கும் பாய்" என்றேன்.

தை மாதம் மைத்துனர் கொல்லையிலிருந்து இரண்டு சாக்கு கிழங்கு வந்தது. ஏரி வண்டலை மாட்டு வண்டியில் எட்டு நடை அடித்து மணல்மேல் பரப்பினேன். சுற்றிலும் வரப்பு கட்டி, நெல்லுக்குத் தேக்குவதுபோலத் தண்ணீர் தேக்கினேன். கழனிக்காரன் கைக்கு வேறென்ன தெரியும்? வண்டல் தட்டாக இறுகித் தண்ணீரைக் கீழே விடவில்லை. இலை வந்தது, மஞ்சளித்தது, சாய்ந்தது.

லாட்ஜ் சமையல்காரர் தினமும் ஜன்னல் வழியாகக் கேட்பார்: "இன்னா அண்ணாத்த, வெங்காயம் எப்ப புடுங்குவ? சாம்பாருக்கு வோணும்."

சோறு கொண்டுவந்த என் மனைவி ஒரு கிழங்கைப் பிடுங்கி முகர்ந்தாள். "அழுகிப் போச்சு. நெல்லுன்னு நெனச்சிகினு கீறியா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னதுதான் சரி என்பதால் வந்த கோபம். சித்திரையில் ஒரு பூ இல்லை. கொட்டகையில் சிமென்ட் மூட்டைகள் வந்து இறங்கின. பாயிடம் போய் இன்னும் ஒரு வருஷம் கேட்டேன். வாழ்க்கையில் நான் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான்.

"அடுத்த சித்திரை. அத்தோட சரி" என்றார்.

அழுகாத கிழங்குகளை என் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் நட்டுக் காப்பாற்றினேன். ஐப்பசி மழைக்கு முன்னே தோண்டி எடுத்து, நிழலில் பரப்பி, ஒன்றை ஒன்று தொடாமல் தினமும் புரட்டிப் போட்டோம். எலுமிச்சங்காய் அளவுக்கு மேல் இருந்ததை மட்டும் எடுத்தேன். பொடிசுகள் அந்த வருஷம் இலைதான் விடும். லாட்ஜில் இறுகிய வண்டலை மண்வெட்டியால் உடைத்து மணலோடு கலந்து, பார் பாராக மேடு கட்டி, கிழங்கின் மூக்கு மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி தையில் நட்டேன். இரண்டு பாருக்கு நடுவில் இருந்த பள்ளத்தில் மட்டும் தண்ணீர், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். குடம் சுமந்து தோள்பட்டை வீங்கியது. அந்த வலி இன்றும் மழைக்கு வரும்.

சித்திரை பிறந்து பத்து நாளில் முதல் தண்டு எழும்பியது. மாதம் முடிவதற்குள் வாசல் முழுக்க வெள்ளை. சமையல்காரர் வெங்காயப் பேச்சை நிறுத்தினார். மூட்டைச் சிமென்டில் கட்டி தட்டாமல் இருந்தது சமையலறைத் தரைக்குப் போனது.

மெட்ராஸிலிருந்து வந்த ஒரு குடும்பம், கடல் மணலில் இது எப்படி என்று கேட்டது. "எல்லாம் நம்ம கைராசி" என்றார் பாய். நான் குடத்தோடு பின்னால்தான் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது.

இப்போது எனக்கு யாருடைய வேலையும் வேண்டாம். அந்தத் தோட்டத்தைப் பற்றி பாயின் பிள்ளைகள் யாரிடம் பேசினாலும் சரி, கிழங்கு கொண்டுவந்ததும் மண் உடைத்ததும் தண்ணீர் சுமந்ததும் நான் என்று சொல்ல வேண்டும். அழுகலைக் கண்டுபிடித்தவள் என் மனைவி என்றும் சொல்ல வேண்டும். கைராசி என்ற சொல் அதில் வரக்கூடாது.