கால் முந்தி, கை பிந்தி

கோயம்புத்தூரில் ஒரு மாலின் மூன்றாம் மாடியில் இருந்த பௌலிங் சென்டரில், ஷூ கவுண்டரில் ஏறக்குறைய மூன்று வருடம் வேலை பார்த்தேன். விளையாட வருகிறவர்களிடம் அளவு கேட்டு ஷூ எடுத்துத் தர வேண்டும். திரும்பி வந்த ஷூவுக்குள் மருந்து அடித்து அடுக்கி வைக்க வேண்டும். என் கணவர் அங்கேயே மெக்கானிக். லேன் என்கிற நீளமான மரத்தளத்தின் மறுகோடியில் நிற்கும் பத்து பின்களையும், பந்து பட்டு விழ விழ எடுத்து நிறுத்துகிற மெஷின்கள் அவர் பொறுப்பு. அவர் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரர். நான் மேலே, கொல்லிமலையில் வளப்பூர் நாடு. கல்யாணமான இரண்டாம் மாதமே என்னையும் அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

காலையில் கதவு திறப்பதற்கு முன்பு மெஷின்கள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்க யாராவது பந்து உருட்டியாக வேண்டும். முதலில் விளையாட்டாகத்தான் உருட்டினேன். பிறகு அந்த அரைமணி நேரத்துக்காகவே சீக்கிரம் எழ ஆரம்பித்தேன். ஒரு வருடத்தில், காசு கொடுத்து ஆட வருகிற பலரைவிட நான் நன்றாக ஆடினேன். மேனேஜர் பார்த்துவிட்டு, மாநிலப் போட்டிக்கு என் பெயரைக் கொடுக்கச் சொன்னார்.

என்னிடம் ஒரே ஒரு குறை இருந்தது. வலது கைக்காரர்கள் நான்கு எட்டு வைத்துப் பந்தை விட வேண்டும். முதல் எட்டு வலது கால். அதோடு சேர்ந்து பந்தை முன்னால் நீட்ட வேண்டும். பந்து தானாகக் கீழே இறங்கி, பின்னால் போய், திரும்பி வரும். அது வந்து சேரும் நேரத்தில் இடது கால், தாண்டக் கூடாத கோட்டுக்கு அருகே வழுக்கி நிற்க வேண்டும். எனக்குக் கால் முந்திவிடும். நான் கோட்டருகே போய் நிற்பேன், கை இன்னும் பின்னால் இருக்கும். அதைப் பிடித்து இழுப்பேன். இழுத்தால் பந்து இடப்பக்கம் ஓடிவிடும்.

என் கணவர் மெஷினுக்குப் பின்னாலிருந்து வந்து, கையில் கிரீஸோடு நின்று பார்ப்பார்.

"ஏம்புள்ள, எதுக்கு அத்தன அவசரம்? பஸ்ஸா போயிரும்?"

"நான் மெதுவாத்தானுங்க போறேன்."

"கால மெதுவா வெக்கறது இல்ல புள்ள. பந்த மொதல்ல நீட்டு. கைய நீ தூக்காத. அந்தக் கனத்துக்கு அதுவே போயிட்டு அதுவே வரும்."

அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். நான் நடப்பேன். அவர் எண்ணும்போது சரியாக வரும். எண்ணாவிட்டால் பழையபடி ஆகிவிடும்.

மூன்றாம் வருடம் எனக்கு நாள் தள்ளிப்போனது. பரிசோதித்துப் பார்த்த அன்று அவர் என்னை உட்காரவைத்து அவரே டீ போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் சென்னையில் போட்டி. போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் பேசினோம். டாக்டரிடம் கேட்கலாம் என்றேன். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று எங்கள் இருவருக்குமே பயம். கேட்கவில்லை. "எடை கொறஞ்ச பந்து எடுத்துக்க. நானும் கூட வாரேன்," என்றார் அவர். வந்தார். பின்னால் நின்று எண்ணினார். ஒன்பதாவதாக வந்தேன். திரும்பி வரும் ரயிலில், பொறக்கறதுக்கு முன்னாலயே போட்டி ஆடின பிள்ளை என்று சிரித்தார்.

அது நடந்து மூன்று வாரத்தில் குழந்தை கலைந்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் போட்டியைப் பற்றிச் சொல்லி அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கரு ஆரம்பத்துலயே சரியா வளரலைம்மா. நிறையப் பேருக்கு இப்படி ஆகுது. நீங்க செஞ்ச எதனாலயும் இல்லை," என்றார். அப்போது என் கணவர் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். வந்ததும் அதே வார்த்தைகளைச் சொன்னேன். தலையை ஆட்டினார். டாக்டர் வாயால் அவரே கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கேட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்றும் நினைக்கிறேன்.

பேளுக்குறிச்சியில் மாமியார் வீட்டில் பத்து நாள் படுத்திருந்தேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார், "இரும்புக் குண்டு மாதிரிங்க. அதத் தூக்கி எறிஞ்சுட்டிருந்தா வவுத்துல என்ன தங்கும்?" என்று சொன்னார். என் கணவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். நானும்தான் போகச் சொன்னேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். அவர் வெளியே வரவில்லை. பதினோராம் நாள் அம்மா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு மலைக்கு பஸ் ஏறினாள்.

முதல் மாதம் முழுக்கப் படுத்தே கிடந்தேன். கணவர் தினமும் போன் பண்ணினார், பிறகு வாரம் ஒருமுறை. சாப்பிட்டியா, மழையா என்று கேட்பார். நான் பதில் சொல்வேன். அதோடு போனை வைத்துவிடுவோம்.

மிளகு காய்கிற மாதம் அது. வீட்டுக்கு முன்னால் சிமெண்ட் களம் முழுக்க மிளகு. ஒருநாள் அதைத் தள்ளிவிடப் போனவள், கால் என்னை அறியாமல் நான்கு எட்டு வைத்ததைக் கவனித்தேன். மறுநாள் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றில் முக்கால்வாசி நிரப்பி, பிடியைப் பிடித்து வீசிப் பார்த்தேன். கையால் இழுத்தால் உள்ளே தண்ணீர் சளப்பென்று அடித்தது. கனத்தின் போக்கில் விட்டால் சத்தம் அடங்கியது. யாரும் எண்ண வேண்டியிருக்கவில்லை. சத்தம் வராதபடி நடப்பதே வேலையாகிவிட்டது. தோளை இளக்கினேன். முதல் எட்டோடு கேனை நீட்டினேன். மற்றதை அதனிடமே விட்டேன். காலையில் ஐம்பது முறை, வெயில் தாழ்ந்ததும் ஐம்பது முறை.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏஞ்சாமி, பட்டது பத்தாதா? இன்னும் அதையே புடிச்சுட்டு நிக்கற?"

"வேற என்னம்மா பண்ணட்டும்? சும்மா இருந்தா அதே நெனப்புதான் வருது."

அம்மா கேனைப் பிடுங்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டாள். அப்பா அதிகம் பேசாதவர். அன்று பொழுது சாய்வதற்குள் களத்தில் பாதி மிளகை அள்ளி ஒரு ஓரமாகக் குவித்தார். கேனையும் எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தார். "மொளகு நாளைக்குக் காஞ்சுக்கும்," என்றார்.

மூன்றாம் மாதம் என் கணவர் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தவர் வேலியருகே நின்றிருக்கிறார். நான் பார்க்கவில்லை. இருபது முறையாவது நடந்திருப்பேன். திரும்பியபோதுதான் கண்டேன். இளைத்திருந்தார்.

"இப்பத்தான் புள்ள சரியா வருது," என்றார். அந்தக் குரலில் பழைய மனிதர் இருந்தார். ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அம்மா பலாச்சுளை கொண்டுவந்து வைத்தாள். அவர் இரண்டு சுளை தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"ஊட்டுக்குப் போலாம் வா. ஆனா எங்கம்மா ஒண்ணு சொல்லுது. இத உட்டுரோணும்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அம்மா மனசு நோகுதில்ல."

"அம்மாவ உடுங்க. உங்களக் கேக்கறேன். நான் பந்து தூக்கினதாலதான் போச்சுன்னு நீங்களும் நெனைக்கறீங்களா?"

அவர் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியல புள்ள," என்றார்.

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், பொய்யாகவே சொல்லியிருந்தாலும், நான் பந்தையும் விட்டுவிட்டு அவர் பின்னால் போயிருப்பேன். அவர் தெரியாது என்றார். அப்படியானால் ஒவ்வொரு நாளும் சோறு போடும்போது, எதிரே உட்காரும்போது, அந்தத் தெரியாதது எங்கள் நடுவில் இருக்கும்.

"அப்ப நான் வரலீங்க," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சேந்தமங்கலம் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா ரோடு வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தார்.

அடுத்த வருடம் மாநிலப் போட்டியில் நான்காவதாக வந்தேன். ஒரு பந்துகூட இடப்பக்கம் இழுக்கவில்லை. கடைசிப் பந்தில் பத்தும் விழுந்தபோது பக்கத்து லேன் பெண்கள் கைதட்டினார்கள். கோட்டருகே நின்றவள், பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பார்த்துவிட்டேன். நாற்காலிகள்தான் இருந்தன. கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுது முடித்த பிறகே சான்றிதழ் வாங்க வந்தேன்.

நாமக்கல் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தோம். இப்போது சேலத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பந்து உருட்டப் போகிறேன். மாதம் ஒருமுறை மலைக்கு வருகிறேன்.

போன மாதம் வந்தபோது அம்மா சரியாகப் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள்:

"பேளுக்குறிச்சிச் சந்தையில அவரப் பாத்தங்கண்ணு. தோள்ல கொழந்த இருந்துச்சு."

"என்ன கொழந்த?"

"பொட்டப்புள்ள. ஒரு வயசு இருக்கும்."

"அவரு உன்னப் பாத்தாரா?"

"பாத்தாரு. சொகமான்னு கேட்டாரு. உன்னையும் கேட்டாரு. நல்லா இருக்கறான்னு சொன்னேன்."

குழந்தை யார் சாயல் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அம்மா கையிலிருந்த கத்தியை வாங்கி மீதிக் கிழங்கை நான் உரித்தேன். அம்மா எழுந்து போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.