ஒன்பதாவது மாடி

ஜெலுத்தோங்கில் வாங்கிய புது அடுக்குமாடி வீட்டுக்குச் சாவி பெறுமுன், குறை பார்த்துச் சொல்ல ஒருவரைக் கூட்டிப் போனேன். ஒல்லியான ஆள், காதில் பென்சில். ஒவ்வோர் அறைக்குள்ளும் நுழையுமுன், உள்ளே யாரோ இருப்பது போலக் கதவைத் தட்டுவார்.

குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். அது வடிகாலுக்குப் போகாமல் கூடத்துக்கு ஓடி வந்தது.

"கையெழுத்துப் போட்டுறாதீங்கண்ணே. தரைய ஒடச்சுத் திரும்பப் போடச் சொல்லுங்க. ஒரு மாசம் ஆகும்."

"வெள்ளிக்கெழம பால் காய்ச்ச எல்லாரையும் கூப்பிட்டாச்சே, தம்பி!"

"பால் பொங்கலாம், பாத்ரூம் பொங்கலாமா? இத்தன வருசம் வாடகைல இருந்தீங்க, ஒரு மாசம் பொறுக்கலாம்லா."

எனக்குச் சுருக்கென்றது. "ஒங்க வீட்டுக்கு நீங்க இப்படிக் காத்துக் கெடந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

ஜன்னலைத் திறந்து மூடியபடியே சொன்னார். "இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நான் வாங்குனது ஒன்பதாவது மாடி. கட்டடம் ஆறோட நின்னு போச்சு, கட்டுன ஆளக் காணோம். ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துட்டு வருவேன்."

"என்னத்தப் பாப்பீங்க?"

"என் வீடு வரவேண்டிய எடத்தண்ணே."

நான் கையெழுத்துப் போடவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் பால் பொங்கியது. அழைத்தும் அவர் வரவில்லை. பாதியில் நின்ற கட்டடம் எதைக் கண்டாலும், இப்போது நானும் அதன் தலைக்கு மேலே வெறும் வானத்தில் மூன்று மாடி எண்ணிப் பார்க்கிறேன்.